காசு எங்கே நிற்கிறது? தொழிற்படு மூலதனம் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய அச்சகத்தை நடத்திய காலத்தில், ஓராண்டு நாட்காட்டி வேலையில் எனக்கு நல்ல இலாபம் கிடைத்தது. அந்த இலாபக் கணக்கு மேசையில் இருக்கும்போதே, அடுத்த பெப்ரவரியில் நான்கு வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லாமல் நின்றேன். கணக்கில் பிழை இருக்க வேண்டும் என்று நினைத்து இரண்டு இரவுகள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. இலாபம் உண்மை, காசு இல்லை என்பதும் உண்மை. இவை இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை விளங்கிக்கொள்வதுதான் தொழிற்படு மூலதனம் என்ற பாடத்தின் முதல் வகுப்பு. உயர்தர வகுப்பில் கணக்கியல் படித்தவர்கள் இந்தச் சொல்லை அறிவார்கள், நானும் படித்தவன்தான். ஆனால் பரீட்சைத் தாளில் அது ஒரு வரிக் கழித்தலாக இருந்தது, கடையிலோ அது ஒரு பெப்ரவரி மாதமாக வந்தது.

அந்த வேலையைச் சற்று விரித்துச் சொல்கிறேன், தொகைகளை விளங்குவதற்கு வசதியாக வட்டமாக்கியிருக்கிறேன். ஒரு நிறுவனம் 5,000 சுவர் நாட்காட்டிகள் கேட்டது. ஒன்றின் விலை 200 ரூபா, ஆகவே மொத்தம் 10 இலட்சம். ஒக்டோபர் முதலாம் திகதி புறக்கோட்டை மலிபன் வீதியில் 4½ இலட்சத்துக்குக் காசு கொடுத்துக் கடதாசி எடுத்தேன். நவம்பர் நடுப்பகுதியில் அச்சுத் தகடு, மை, மேலதிக நேரச் சம்பளம் என்று 2½ இலட்சம் போனது. டிசம்பர் நடுப்பகுதியில் மேல் விளிம்புக்குத் தகரப் பட்டி அடித்து, சுருட்டி, கட்டி, லொறியில் ஏற்றி இறக்கும் வரை மேலும் ஓர் இலட்சம். செலவு 8 இலட்சம், இலாபம் 2 இலட்சம். டிசம்பர் 15ஆம் திகதி பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவு பில்லை ஜனவரி நடுப்பகுதியில்தான் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 60 நாட்கள் தவணை என்று சொல்லி மார்ச் 15ஆம் திகதியிட்ட காசோலையைத் தந்தது. என் கடதாசிக் காசு என்னை விட்டுப் போன நாளிலிருந்து திரும்பி வந்த நாள் வரை எண்ணினால் 165 நாட்கள்.

இடையில் தை மாதம் வந்தது. கல்யாண அட்டை அடிப்பவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். கேட்டு வந்தவர்களுக்கு அட்டை வாங்கிப் போட என்னிடம் காசு இல்லை. ஆறேழு கல்யாண வேலைகளை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டு, நானே அச்சிட்ட நாட்காட்டி ஒன்றைச் சுவரில் மாட்டி அதில் மார்ச் 15ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடதாசியைக் கடனாகக் கேட்டு மீண்டும் மலிபன் வீதிக்குப் போனபோது, எனக்கு வழக்கமாகச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி (நான் ‘நானா’, அதாவது அண்ணன், என்று கூப்பிடுபவர்), நான் நீட்டிய இலாபக் கணக்கைக் கையில் வாங்காமலே, “தம்பி, லாபம் இருக்கு, சரி. காசு எங்க நிக்குது?” என்று கேட்டார். “அவங்கட்ட நிக்குது, நானா” என்றேன். “அப்ப லாபம் அவங்களுக்குத்தான். உங்களுக்குக் கணக்கு மட்டும்தான்” என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் கடன் தரவில்லை.

அவருடைய கேள்வியையே வரைவிலக்கணமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு தொழிலில் போட்ட காசு, இயந்திரம், கட்டடம், வாகனம் என்று நிலையாக உட்கார்ந்துவிட்ட பகுதியைத் தவிர்த்து, மீதி எப்போதும் நடமாட்டத்தில் இருக்கும். அது சரக்காக மாறும், சரக்கு விற்பனையாக மாறும், விற்பனை கடனாக மாறும், கடன் திரும்பவும் காசாக மாறும். இந்தச் சுற்று ஒருமுறை முடிவதற்குள் கடை வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். சுற்று முடியும் வரை தாக்குப்பிடிக்க வேண்டிய காசுதான் தொழிற்படு மூலதனம். பாடப்புத்தகம் இதை நடைமுறைச் சொத்துகளிலிருந்து (காசு, சரக்கு, வர வேண்டிய கடன்) நடைமுறைப் பொறுப்புகளை (விரைவில் கொடுக்க வேண்டிய கடன்) கழித்தால் வருவது என்று சொல்லும். அது சரியான விடைதான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த நிழற்படம். காசு எத்தனை நாள் எங்கே நின்றது என்பதை அது காட்டாது. ஆரம்பிப்பவர்கள் ரூபாவைக் காட்டிலும் நாட்களைத்தான் முதலில் எண்ணிப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

நாட்களை எண்ணும் முறை எளியது. சரக்கு நம்மிடம் நிற்கும் நாட்களோடு, விற்ற பின் கடன் வெளியே நிற்கும் நாட்களைக் கூட்டி, நமக்குச் சரக்குக் கொடுத்தவர் தந்த தவணை நாட்களைக் கழிக்க வேண்டும். என் நாட்காட்டியில் கடதாசி என்னிடம் 75 நாட்கள் நின்றது, கடன் வெளியே 90 நாட்கள் நின்றது, எனக்குக் கிடைத்த தவணை பூச்சியம், ஆகவே 165. கடதாசிக்கு 45 நாள் தவணை கிடைத்திருந்தால் 120 ஆகக் குறைந்திருக்கும். இதை வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு சைவக் கடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உளுந்தையும் அரிசியையும் நான்காம் குறுக்குத் தெருவில் இரண்டு வாரத் தவணைக்கு எடுத்து, ஒரு வாரத்தில் தோசையாகவும் வடையாகவும் விற்று, காசை அன்றன்றே லாச்சியில் போட்டுவிடுகிறார்கள். ஏழுடன் பூச்சியத்தைக் கூட்டிப் பதினான்கைக் கழித்தால் விடை கழித்தல் ஏழு. அதாவது மொத்த வியாபாரியின் காசு ஒரு வாரம் சும்மா இவர்கள் கையில் இருக்கிறது. ஒரு தோசையில் கிடைக்கும் இலாபம் சில்லறைதான். ஆனாலும் அந்தக் கடை முதலாளி நிம்மதியாகத் தூங்குகிறார், இருபது வீத இலாபம் வைத்த அச்சகக்காரன் தூங்கவில்லை.

நாட்களுக்கு விலையும் உண்டு. வங்கி மேலதிகப்பற்றுக்கு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடனுக்கு, ஆண்டுக்கு 18 வீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 4½ இலட்சம் 165 நாட்களும், 2½ இலட்சம் 120 நாட்களும், ஓர் இலட்சம் 90 நாட்களும் வெளியே நின்றதற்கான வட்டி ஏறத்தாழ 56,000 ரூபா. ஆகவே நான் 2 இலட்சம் என்று நினைத்த இலாபம் உண்மையில் 1,44,000. வட்டி 30 வீதமாக இருந்திருந்தால் ஏறத்தாழ 93,000 போயிருக்கும், இலாபத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இது கற்பனைக்காகப் போட்ட வீதம் அல்ல. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டி பின்தொடரும் தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திய பிறகு, கொழும்பில் கடனெடுத்துத் தொழில் செய்த எவருக்கும் அந்த அளவு வட்டி அந்நியமானதாக இருக்கவில்லை. சொந்தக் காசைப் போட்டவருக்கு வட்டி இல்லையே என்று சிலர் சொல்வார்கள். அவருக்கும் உண்டு, அந்தக் காசு வேறு வேலையில் நின்றிருந்தால் சம்பாதித்திருக்கக்கூடியது எதுவோ அதுவே அவர் கட்டும் வட்டி. என்னைப் பொறுத்தவரை அது அந்தக் கல்யாண அட்டைகள்.

புறக்கோட்டையில் இந்தச் சுற்று பெரும்பாலும் பின்திகதியிட்ட காசோலைகளின் மேல்தான் ஓடுகிறது. வெள்ளவத்தைப் புடவைக் கடைக்காரர் இரண்டாம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரிக்கு இரண்டு மாதம் கழித்துத் திகதியிட்ட செக் கொடுப்பார். மொத்த வியாபாரி அதை வங்கியில் போடாமல் இறக்குமதியாளரிடம் மாற்றிவிடுவார். இறக்குமதியாளர் அதை நம்பித் தன்னுடைய செக் ஒன்றை வேறொருவருக்கு எழுதியிருப்பார். பழக்கமில்லாதவர்களுக்கு இது வெறும் காகித விளையாட்டாகத் தோன்றும். உண்மையில் இது வங்கி கொடுக்காத தொழிற்படு மூலதனத்தை வியாபாரிகள் தமக்குள் நம்பிக்கையின் பேரில் உருவாக்கிக்கொள்ளும் முறை, அதில் ஓர் அழகும் உண்டு. ஆனால் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவையும் கூடவே விழும். 2020இல் சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்தை நம்பிப் பெப்ரவரியில் துணி எடுத்தவர்கள், ஏப்ரலுக்குப் பின்னர் திகதியிட்டுக் காசோலைகளைக் கொடுத்திருந்தார்கள். மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. துணி றாக்கையில் நின்றது, காசோலையின் திகதி மட்டும் நிற்கவில்லை. அந்த வியாபாரிகள் நட்டத்தில் விற்றவர்கள் அல்லர், அவர்களால் விற்கவே முடியவில்லை.

குறுகிய தவணைக்கு எடுத்த காசை நீண்ட தவணைக்கு வெளியே விடும் ஆபத்து இந்த நகரத்துக்குப் புதியதும் அல்ல. இன்று நகைக் கடைகள் நிறைந்திருக்கும் செட்டியார் தெரு, ஒரு காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகளால், அதாவது வியாபாரக் கூடங்களால், அறியப்பட்ட தெரு. கோட்டையிலிருந்த ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர் வியாபாரிகளுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், செட்டியார்கள் தம் சொந்த முதலோடு அந்த வங்கிகளிடமிருந்தும் பெற்று, சிறு வியாபாரிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். 1925இல் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் தடுமாறியதும் வங்கிகள் செட்டியார்களுக்கான கடனை இறுக்கின. வெளியே விட்ட கடன் அடுத்த நாளே திரும்பி வராது அல்லவா? அந்த நெருக்கடி கீழே இருந்த வியாபாரிகள் வரை இறங்கியது. பிறகு 1934இல் வங்கித்துறை பற்றிய ஆணைக்குழு கூடியதும், 1939இல் இலங்கை வங்கி தொடங்கியதும் உள்ளூர்த் தொழிலுக்குக் கடன் எங்கிருந்து வரும் என்ற அதே கேள்வியின் தொடர்ச்சிதான். இதைப் படித்தபோது என் பெப்ரவரி மாதத்தைப் பற்றி எனக்கிருந்த வெட்கம் சற்றுக் குறைந்தது.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: வியாபாரம் குறைந்தால் காசு தட்டுப்பாடாகும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வியாபாரம் கூடினாலும் தட்டுப்பாடாகும் என்பது தெரிவதில்லை. 5,000 நாட்காட்டிக்கு 8 இலட்சம் வெளியே நிற்க வேண்டுமென்றால் 10,000 நாட்காட்டிக்கு 16 இலட்சம் நிற்க வேண்டும், அதே அத்தனை நாட்களுக்கு. இரட்டிப்பு ஓடர் கிடைத்துவிட்டதென்று கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தவர், ஆறு மாதத்தில் கடையை மூடியதை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய கணக்கில் கடைசி மாதம் வரைக்கும் இலாபம்தான். ஓடர் வந்ததும் “எவ்வளவு மிஞ்சும்?” என்று கேட்பது இயல்பு, “எவ்வளவு, எத்தனை நாள் வெளியே நிற்கும்?” என்று கேட்க நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

விலைவாசி ஏறும் காலத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அதை மத்திய வங்கி சந்தையின் போக்குக்கு விட்ட பின், மே மாதத்துக்குள் ஏறத்தாழ 360 ரூபாவானது. இறக்குமதிக் கடதாசிக்கு அந்த நாட்களில் வந்த தட்டுப்பாட்டால், மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைக்க நேர்ந்தது. பழைய விலையில் கடதாசி வாங்கி, அச்சிட்டு, விற்று, மூன்று மாதம் கழித்துக் காசைக் கண்டவர், அந்தக் காசைக் கொண்டுபோனால் முன்பு வாங்கிய கடதாசியில் பாதியைத்தான் வாங்கலாம் என்ற நிலை. அவர் பேரேட்டில் எழுதிய இலாபம், அடுத்த சுற்றுக்கான சரக்கை வாங்கப் போதாத இலாபம். ஆகவே விலை ஏறும் காலத்தில், வாங்கிய விலையை வைத்து விற்பனை விலை போடுகிறவர், தன் மூலதனத்தையே சிறிது சிறிதாக விற்றுக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு விஷயத்தைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கணக்கில் கிடக்கும் காசெல்லாம் நம்முடையது அல்ல. வேலையாளின் சம்பளத்தில் பிடித்த 8 வீதத்தையும் தொழில்தருநர் சேர்க்க வேண்டிய 12 வீதத்தையும் அடுத்த மாத முடிவுக்குள் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம். காசு இறுகும்போது முதலாளியின் கை முதலில் போவது இந்தத் தொகையின் மேல்தான், ஏனென்றால் அதற்காகக் கடைவாசலில் வந்து நிற்கிறவர் யாரும் இல்லை. தாமதக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும் என்பது இருக்கட்டும். அதில் 8 வீதம் உங்கள் அச்சுக்காரர் ஏற்கெனவே உழைத்துப் பெற்ற காசு. அந்த பெப்ரவரியில் நானும் அதில் கை வைத்தேன், மார்ச்சில் அபராதத்தோடு கட்டினேன். பெறுமதி சேர் வரியும் இப்படித்தான். பதிவு செய்துகொண்டவர் பில்லில் 18 வீதத்தைச் சேர்த்து எழுதுகிறார். வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துக் கொடுத்தாலும், வரித் திணைக்களத்துக்கு அதற்கு முன்பே கட்ட வேண்டி வரும். பெரிய பில் எழுதிய மகிழ்ச்சியில் இதை மறப்பவர்கள் பலர்.

சரக்கே இல்லாத தொழில் செய்பவர்கள், அதாவது கட்டடக் கலைஞர், மென்பொருள் எழுதுபவர், கணக்காளர், மொழிபெயர்ப்பாளர் போன்றோர், இந்தப் பாடம் தமக்குரியது அல்ல என்று நினைப்பதுண்டு. அவர்களுடைய சரக்கு அவர்களுடைய நேரம். வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து பில் எழுதும் நாள் வரை அந்த நேரம் றாக்கையில் நிற்கும் சரக்கு. பில் எழுதிய பின் அது வெளியே நிற்கும் கடன். பம்பலப்பிட்டியில் தனியாக அலுவலகம் திறந்த என் மருமகள் ஒருத்தி, வரைபட வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் பில் எழுதுவது நாகரிகம் என்று நினைத்து, ஐந்து மாதம் சேமிப்பைத் தின்றாள். இப்போது ஆரம்ப வரைபடத்துக்கு ஒரு பகுதி, மாநகர சபை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு பகுதி, மீதி முடிவில் என்று பிரித்து வாங்குகிறாள். வேலையும் கட்டணமும் முன்பு இருந்தவைதான், நாட்கள் மட்டும் குறைந்தன. தனியாள் சேவைக்கு மாதம் ஓர் இலட்சத்துக்கு மேல் கட்டணம் பெறும்போது, கொடுப்பவர் 5 வீதத்தை நிறுத்திவைத்து வரியாகக் கட்டும் முறை 2023 முதல் இருக்கிறது. அது ஆண்டு வரியில் கழிபடும் என்றாலும், அதுவரை அந்தக் காசும் வெளியே நிற்பதுதான். மாதச் சம்பளத்தை விட்டுத் தனித்தொழிலுக்கு வருகிறவர், முதல் பில் காசாகும் நாள் வரை வீட்டுச் செலவுக்குத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் இராஜினாமாக் கடிதம் எழுத வேண்டும்.

இதையெல்லாம் கண்காணிக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் பக்கத்துக்கு நான்கு நிரல் கீறி, வரும் 13 வாரங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன்: வாரம், வரும் காசு, போகும் காசு, மீதி. இதில் ஒரேயொரு கடுமையான விதி உண்டு. வாக்குக் கொடுத்த நாளையோ, காசோலை கைக்கு வந்த நாளையோ எழுதக்கூடாது. அது வங்கியில் பாஸாகும் என்று நியாயமாக நம்பக்கூடிய நாளை மட்டுமே எழுத வேண்டும். முன்பு ஒருமுறை செக் திரும்பிய வாடிக்கையாளரென்றால் இன்னும் இரண்டு வாரம் தள்ளி எழுதுவேன். போகும் காசில் என் வீட்டுக்கான சம்பளமும் ஒரு வரி. லாச்சியிலிருந்து கேட்காமல் எடுக்கும் பழக்கத்தை அந்த ஒரு வரிதான் நிறுத்தியது. மாதச் சீட்டுக் காசும் அதில் ஏறும், ஏனென்றால் சீட்டை எடுத்த பிறகு அது சேமிப்பு அல்ல, கடன். மீதி நிரலில் எந்த வாரம் கழித்தல் குறி விழுகிறதோ, அந்த வாரம் வருவதற்கு எட்டு வாரம் முன்னரே வங்கி முகாமையாளரைப் பார்க்கப் போகலாம். எட்டு வாரம் முன்னர் போகிறவருக்கு அவர் தேநீர் கொடுப்பார். அதே வாரத்தில் போகிறவரிடம் பிணை கேட்பார்.

அடுத்த ஒக்டோபரில் நாட்காட்டி ஓடர் எடுத்தபோது நிபந்தனையை மாற்றினேன். ஓடரோடு பாதிக் காசு முற்பணமாகத் தந்தால் மொத்த விலையில் 2 வீதம் கழிவு. அதே 10 இலட்ச ரூபா வேலையில் கழிவு 20,000 போனாலும், முற்பணம் கடதாசி விலையை மூடிவிடும். வெளியே நிற்கும் என் காசின் உச்சம் 8 இலட்சத்திலிருந்து 3 இலட்சத்துக்குச் சற்று மேலான தொகையாகக் குறையும். வட்டி 56,000இலிருந்து ஏறத்தாழ 17,000 ஆகும். கழிவு போக மிஞ்சுவது 1,63,000, முந்தைய ஆண்டைவிடப் பத்தொன்பதாயிரம் கூட. மூன்று வாடிக்கையாளர்கள் முற்பணம் தந்தார்கள். இருவர், இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு முற்பணமா என்று முகம் சுளித்துவிட்டுத் தந்தார்கள். மார்ச் காசோலை தந்த நிறுவனம் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது. அந்த ஆண்டு தை மாதத்துக்கான கல்யாண அட்டையை மார்கழி பிறக்கும் முன்பே மலிபன் வீதியில் காசு கொடுத்து எடுத்தேன்; நானா நோட்டுகளை எண்ணி முடித்து, பில்லோடு ஒரு நாட்காட்டியும் தந்தார், வேறொருவர் அச்சிட்டது.